புழுதிக் காக்காவும் தேறாத மாணவியும்

எனக்கு ஸ்கூட்டி பழக்கிய மனிதர் எந்த நேரத்திலும் விழுந்துவிடுவார் என்ற பயத்துடனேயே நான் பழகினேன். மற்றவர்கள் பழகும்போது தாங்கள் விழுவதைப் பற்றிப் பயப்படுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு கண் பாதையில், மற்றக் கண் பூவரச மரத்தடியில் நிற்கும் இஸ்ஸதீன் காக்காவின் மேல். அவர் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தால் நான் பாதையை மறந்துவிடுவேன். இருமினால் கை தானாகவே பிறேக்கைப் பிடித்துவிடும். பின்னால் இருக்கும் சபியா உம்மா உடனே, "என்னவாம் புள்ள, விழுந்திட்டாரா?" என்று கேட்பார். அவருக்கும் என்னைப்போலத்தான் பயம், ஆனால் அவர் அந்த மனிதரின் மனைவி.

காக்காவின் இருதயக் குழாய்கள் அடைத்துப் போயிருந்தன. கொழும்பில் ஒப்பரேஷனுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு திகதி கொடுத்திருந்தார்கள். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, ஓடக் கூடாது, கோபப்படக் கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கல்முனையில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கும் ஒரு மனிதரிடம் பாரம் தூக்காதே, கோபப்படாதே என்று சொன்னால் அவர் பிறகு என்னதான் செய்வார்?

ஊரில் அவரைப் புழுதிக் காக்கா என்றுதான் சொல்வார்கள்; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். எங்கள் ஊர் ஒலுவிலில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயரே தெரியாது. இளம் வயதில் குருநாகல் பக்கம் ஒரு சிங்கள முதலாளியின் கராஜில் வேலை பார்த்திருக்கிறார். அந்த முதலாளிக்கு மண்பாதையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடும் பைத்தியம். ஒரு தடவை, ஓட வேண்டியவன் முதல் நாளே கையை முறித்துக்கொள்ள, பைக்கைக் கழுவிக்கொண்டு நின்ற இஸ்ஸதீனைப் பிடித்து ஏற்றிவிட்டார்களாம். அன்று தொடங்கி நாலைந்து வருடம் அந்தச் செம்மண் மேடுகளில் ஏறிப் பறந்து விழுந்திருக்கிறார். ஒரு பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார். அதுதான் அவர் எட்டிய உச்சம். அதைக்கூட அவர் சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நாங்கள் கேட்டால், "ஓடினத விட விழுந்ததுதான் கூட" என்பார். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு சற்று வளைந்திருக்கும். சாரனைத் தழைத்துக் கட்டி அதை மறைத்துக்கொள்வார்.

பந்தயக்காரன் என்றால் ஆள் மிதப்பாக இருப்பார் என்று நினைப்பீர்கள். இவர் கல்முனைச் சந்தியில் ஒரு ஆட்டுக்கு வழிவிட்டு நின்று, பின்னால் வந்த பஸ்காரனிடம் ஏச்சு வாங்குகிறவர். சந்தைக்குப் போகும் கிழவர்கள்கூடச் சைக்கிளில் அவரை முந்திப் போவார்கள். அவர் ஸலாம் சொல்லி வழி விடுவார்.

பெண்களுக்குப் பழக்கத் தொடங்கியது எப்படி என்று எனக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் ஊரில் பாதி ஆண்கள் கடல் கடந்து போய்விட்டார்கள். பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்க, உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக, ஒவ்வொன்றுக்கும் ஓட்டோ பிடித்துக்கொண்டிருக்க முடியாது. என் கணவர் கத்தாரில். மகள் ஆறாம் வகுப்பு. ஸ்கூட்டி வேண்டும் என்றால் முதலில் பழக வேண்டும், பழக வேண்டும் என்றால் ஒரு ஆண் பக்கத்தில் நிற்க வேண்டும். அங்கேதான் எல்லாப் பெண்களுக்கும் கதவு சாத்திக்கொள்ளும். காக்கா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பழகுகிற பெண்ணுக்குப் பின்னால் தன் மனைவியை ஏற்றி விடுவார். அவர் தூரத்தில் மரத்தடியில் நிற்பார். அங்கிருந்து கையை ஆட்டிக் கத்துவார். பின்னால் இருக்கும் சபியா உம்மா அதைக் காதுக்குள் சொல்லுவார். ஸ்கூட்டியின் ஹாண்டிலைக்கூட வாழ்நாளில் பிடித்திராத அந்த மனுஷி, ஊரில் ஓட்டப் பழகிய அத்தனை பெண்களுக்கும் பின்னால் உட்கார்ந்து, அத்தனை பேரோடும் சேர்ந்து விழுந்து எழும்பியிருக்கிறார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. யாராவது விழுந்துவிட்டால், அல்லது காற்றில் அபாயா கிளம்பிச் சக்கரத்தில் சிக்கினால், காக்கா சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்திவிடுவார். ஓடி வந்து தூக்குகிற வேலை கிடையாது. நாங்கள் எழும்பி, உடுப்பைச் சரிசெய்து, சபியா உம்மா "ஆ, சரி" என்று குரல் கொடுத்த பிறகுதான் திரும்புவார். அதுவரை கடலைப் பார்த்தபடி மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பார். அவரோடு நேருக்கு நேர் நான் பேசியது ஸலாமும் பதில் ஸலாமும் மட்டும்தான்.

நான் கெதியாகப் பழகிவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, சிறுவயதில் வாப்பாவின் சைக்கிளில் பார் இடுக்குக்குள் காலை விட்டு ஓடிய ஆள் நான். இரண்டு வாரத்துக்குள்ளேயே வட்டம், எட்டு, திருப்பம் எல்லாம் வந்துவிட்டது. அப்போது ஒரு நாள் பின்னேரம் சபியா உம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். குசினி வாசலில் நின்று, யாரும் இல்லையா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஹிமாயா, ஒரு உதவி செய்யணும். நீ இன்னம் பழகல்லண்டு இரி."

எனக்கு விளங்கவில்லை. "என்ன உம்மா செல்றீங்க? நான் நல்லாத்தானே ஓடுறன்."

"அதான் பயமாக் கிடக்கு. நீ முடிச்சிட்டா நாளைக்கே மனிசன் கராஜுக்குப் போயிரும். இஞ்சினத் தூக்கும். பொடியன்மாரோட சத்தம் போடும். உனக்குப் பழக்கிற நேரமாச்சும் மரத்துக்குக் கீழ சும்மா நிக்குது. ஒப்பரேசன் மட்டும் நீ கொஞ்சம் தெரியாத மாதிரி நடி புள்ள. அல்லாஹ்வுக்காகச் செய்."

அப்படித்தான் நான் தேறாத மாணவி ஆனேன். வாரத்தில் அநேகமான நாட்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, கடற்கரை வெளிக்குப் போவோம். மணல் பாதையில் ஸ்கூட்டியை அவர் மெல்ல ஓட்டிக்கொண்டு போவார். நானும் சபியா உம்மாவும் பின்னால் நடந்து போவோம். இறுகிய தரை வந்ததும் அவர் ஸ்டாண்டில் போட்டுவிட்டு மரத்தடிக்கு ஒதுங்குவார். நான் ஏறி, வேண்டுமென்றே தடுமாறுவேன். சிக்னல் போட மறப்பேன். வட்டத்தை முட்டை வடிவத்தில் போடுவேன். அங்கே அவர் அக்ஸிலேட்டரை முறுக்கச் சொல்லி "குடுங்க, குடுங்க" என்று கையைச் சுழற்றுவார், இங்கே சபியா உம்மா "மெல்லமாம் புள்ள" என்று மொழிபெயர்ப்பார். சிரிப்பு வரும். அடுத்த நொடி அவர் மரத்தில் கையை ஊன்றுவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

ஊரில் என்னைப் பற்றிக் கதை கிளம்பியது. "ஹிமாயாவுக்கு இந்தச் சென்மத்தில ஸ்கூட்டி வராது" என்றாள் என் கணவரின் தங்கை, பஸ்மினா மச்சி. அவளே ஒன்றுக்கு இரண்டு தடவை வேலிக்குள் விட்டவள். எனக்குக் கோபம் பொங்கும், வாயைத் திறக்க முடியாது. இரவில் கணவர் போனில், "இன்னமா பழகல்ல?" என்பார். "பழகுறன்" என்பேன். பெருநாளுக்கு எத்தனை நாள் கிடக்கிறது என்று கலண்டரைப் பார்ப்பேன். அந்த நாள் வந்துவிட்டால் போதும், ஒரே நாளில் தேறிக் காட்டி எல்லார் வாயையும் அடைக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு அந்த நாள் வருமட்டும் இவர் இருக்க வேண்டுமே என்ற நினைப்பு வரும். தொழுகையில் எனக்காகக் கேட்டதைவிட அவருக்காகக் கேட்டதுதான் அந்த மாதங்களில் கூட.

பெருநாள் வந்தது, போனது. ஒப்பரேஷனுக்கு இன்னும் ஒரு கிழமை, ஏழே நாள். கொழும்புக்குப் போக வேன் பேசியாயிற்று. சபியா உம்மா அவருடைய பெட்டியைக்கூட அடுக்கிவிட்டார். அன்று போக வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று காலையிலேயே எழும்பியிருந்தது, வெயில் முகத்தில் அறைந்தது. "கராஜுக்கு வெளிக்கிட்டு நிக்குது. நீ வந்தா நிக்கும்" என்றார் சபியா உம்மா. போனோம்.

நான் இரண்டு வட்டம் போட்டிருப்பேன். திருப்பத்தில் காற்று அபாயாவைப் பிடித்து ஒரு உதறு உதறியது. நிமிர்ந்து பார்த்தேன். மரத்தடியில் காக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்திக்கொண்டிருந்தார்.

"ஐயோ, உடுப்பப் பாரு" என்றார் சபியா உம்மா. நிறுத்தினேன். இருவரும் இறங்கினோம். கீழே பார்த்தோம், பின்னால் பார்த்தோம். என் அபாயாவை இழுத்துத் தொடைக்குக் கீழே செருகினேன். சபியா உம்மா தன் தலைமுக்காட்டுச் சோலைச் சுற்றி இறுக்கிக்கொண்டார். "ஆ, சரி!" என்று குரல் கொடுத்தார். காக்கா திரும்பவில்லை. காற்றில் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தோம். மரியாதையாக, மெல்ல, இன்னொரு வட்டம் போட்டோம். மரத்துக்கு நேரே வரும்போது பார்த்தேன். அவர் மண்ணைக் கிளறவில்லை. ஒரு கை தரையில் ஊன்றியிருந்தது. சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

சபியா உம்மா ஓடும் ஸ்கூட்டியிலிருந்தே குதித்துவிட்டார்.

காக்காவின் முகம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. நெஞ்சைப் பிடிக்கவில்லை, இடது தாடையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். பல்லுக் கொதி என்றுதான் யாரும் நினைப்பார்கள். "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்றார். ஒன்றுமில்லாத மனிதரின் கண் அப்படி இருக்காது. போனை எடுத்து அம்புலன்ஸுக்கு அடித்தேன். இடத்தைச் சொன்னேன். உடனே வருகிறோம் என்றார்கள், ஆனால் பெரிய ரோட்டுக்குத்தான் வரலாம். பழைய கடற்கரை ரோட்டைக் கடல் தின்று இரண்டு வருடம். அந்த வெளிக்கு வர இருப்பது மணல் பாதை ஒன்றுதான், அதில் வேன் இறங்கினால் புதையும். கடலில் தூரத்தில் வள்ளங்கள். கூப்பிடு தூரத்தில் ஒரு ஆண்பிள்ளை இல்லை. தூக்கிப்போக எங்கள் இருவராலும் முடியாது.

நான் ஸ்கூட்டியைப் பார்த்தேன். சபியா உம்மா என்னைப் பார்த்தார்.

அந்நிய ஆண் ஒருவரை முதுகோடு சாய்த்துக்கொண்டு ஓட வேண்டும். அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, ஒரு மூச்சு நேரம் நின்றது. சபியா உம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தலையில் இருந்த சோலைக் கழற்றினார். எத்தனை வருடமாக அவரைத் தெரியும், வெளியிடத்தில் அவருடைய நரைத்த தலைமுடியை நான் பார்த்தது அன்றுதான். "ஏறு புள்ள. அவர நான் ஏத்திறன்" என்றார்.

எப்படி ஏற்றினாரோ தெரியாது. காக்கா எனக்குப் பின்னால், அவருக்குப் பின்னால் சபியா உம்மா. சோலால் அவரையும் என்னையும் சேர்த்துக் கட்டி, அதற்கு மேல் தன் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். மூன்று பேர் பாரத்தில் ஸ்கூட்டி முனகியது. இறுகிய தரை முடிந்து மணல் தொடங்கியதும் முன் சக்கரம் மாடு தலையாட்டுவதுபோல ஆட்டியது. நான் பயத்தில் கையைத் தளர்த்தினேன். சக்கரம் இன்னும் ஆடியது. கீழே விழுந்தால் இவரை மறுபடி ஏற்ற ஏலாது, இந்த மணலில்தான் இவர் கதை முடியும் என்று தெரிந்தது. வாய்க்குள் கலிமா ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மெல்லிய குரல். மூச்சுக்கு நடுவே பிய்த்துப் பிய்த்துச் சொன்னார்.

"இனி நடிக்காதங்க புள்ள. உங்களுக்கு ஓடத் தெரியும். குடுங்க."

எனக்கு அழுகை முட்டியது. இவ்வளவு நாளும் இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே வெயிலில் வந்து நின்று, கையை ஆட்டி, நான் போட்ட கோண வட்டத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கும் பயம்தான். கராஜுக்குப் போகப் பயம், அதை மனைவியிடம் சொல்ல வெட்கம். நாங்கள் அவருக்கு நடித்தோம், அவர் எங்களுக்கு நடித்தார்.

குடுத்தேன். முழுக்கக் குடுத்தேன். "சக்கரத்தப் பாக்காதங்க, தூரப் பாருங்க" என்றார். தூரத்தில் பெரிய ரோட்டின் கரண்ட் தூண் தெரிந்தது. அதைப் பார்த்தேன். "பிறேக் புடிக்காதங்க. ஆடும். ஆடட்டும்." ஆடியது, ஆட விட்டேன். தாழம்பற்றை முடியும் இடத்தில் மணல் மேடு ஒன்று கிடக்கிறது. அதில் எப்போதும் அவரே இறங்கிவிடுவார், நாங்கள்தான் தள்ளுவோம். அன்று நாங்கள் மூன்று பேரும் அதில் ஏறி, சக்கரம் தரையை விட்டுக் கிளம்பி, தடாலென்று மறுபக்கம் இறங்கினோம். அவர் "ஆ" என்றார். வலியில் சொன்னாரா, வேறு எதிலா, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அம்புலன்ஸ் ரோட்டில் நின்றது. சோலை அவிழ்த்து அவரை இறக்கினார்கள். மூக்கில் எதையோ மாட்டினார்கள். சபியா உம்மா அவரோடு ஏறினார், கதவு மூடியது. நான் லைசன்ஸும் இல்லாமல், பஸ்ஸும் லொறியும் ஓடும் பெரிய ரோட்டில், அந்தச் சைரனுக்குப் பின்னாலேயே போனேன். ஒரு இடத்திலும் பயப்படவில்லை. பயமெல்லாம் முன்னால் போய்க்கொண்டிருந்த வேனுக்குள் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது அவருக்கு உயிர் இருந்திருக்கிறது. உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரத்தில் மௌத்தாகிவிட்டார். டொக்டர் வெளியே வந்து நின்ற விதத்திலேயே விளங்கிவிட்டது. சபியா உம்மா "இன்னாலில்லாஹி" என்று மெல்லச் சொன்னார். அழவில்லை. என்னைத்தான் தாதி ஒருத்தி பிடித்துக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினாள்.

சபியா உம்மாவின் தம்பி றிஷாட் ஓட்டோவில் வந்து சேர்ந்தார். ஜனாஸாவை எடுத்து அடக்கும் காரியங்களை ஆண்கள் பார்ப்பார்கள், சபியா உம்மா வீட்டுக்குப் போய், கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவுக்கு உட்கார வேண்டும். வீட்டுக்குள் போனால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வர மாட்டார். "ராத்தா, ஓட்டோவில ஏறுங்க" என்றார் றிஷாட்.

"நான் இவளோட போறன்."

"ஸ்கூட்டியிலயா? இந்த நிலையிலயா? ஊர் என்ன செல்லும்?"

"ஊரச் செல்லச் செல்லு" என்றுவிட்டு வந்து பின்னால் ஏறிக்கொண்டார்.

மெல்ல ஓடினேன். சபியா உம்மா என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டபடி இருந்தார். நெஞ்சுக்குள் எனக்கு ஒரே கேள்விதான். அந்த ஒரு வட்டம். அந்த அபாயாவைச் செருகிய நேரம். அது இல்லாதிருந்தால் காக்கா இருந்திருப்பாரா? அதைத்தான் சபியா உம்மாவும் கேட்கப்போகிறார், கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். வயல்வெளி வந்த இடத்தில் அவர் வாயைத் திறந்தார்.

"கலியாணம் முடிச்ச கிழமை, மோட்டச்சைக்கிளக் கழுவித் தொடச்சி வாசல் கடப்படியில கொண்டு வந்து வச்சார். ஏறுங்க, ஒரு சுத்துப் பெய்த்து வருவம் எண்டார். நான் மாட்டன் எண்டுட்டன். றேஸ் ஓடின மனிசன், எங்கயும் கொண்டு விழுத்திருவாரெண்டு பயம் புள்ள. மறுகா எத்தினையோ தரம் கேட்டார். பஸ்ஸில போவம், ஓட்டோவில போவம் எண்டுதான் செல்லுவன். அப்பிடியே கேக்கிறத விட்டுட்டார். நாப்பது வருசமாகப் போகுது. ஊரில உள்ள பொம்புளைகள் எல்லாருக்கும் பின்னால ஏறினன். அவருக்குப் பின்னால ஒரு நாளும் ஏறல்ல."

நான் முன்னால் பார்த்தபடி ஓடினேன். கண் மங்கியது, துடைக்கக் கையை எடுக்க முடியவில்லை.

"இண்டைக்குத்தான் ஏறினன்" என்றார். "நல்லா இறுக்கிப் புடிச்சிக்கிட்டுத்தான் வந்தன். நான்தான் பின்னால இரிக்கன் எண்டு அவருக்குத் தெரிஞ்சிரிக்கும், என்ன புள்ள?"

"தெரியும் உம்மா" என்றேன். "அவருக்கு நல்லாத் தெரியும்."

எனக்கு என்ன தெரியும்? மணலில் என் கண் அந்தக் கரண்ட் தூணை விட்டு அசையவில்லை, பின்னால் நடந்த எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அவர் என் முதுகில் முகத்தைப் புதைத்து அழத் தொடங்கினார்.